காய்ச்சல் சீட்டு

மார்ச் 3, திங்கள்

இது கம்பெனி கொடுத்த டைரி. அட்டையில் குடை படமும் 'நிழற்குடை நுண்காப்பீடு' என்ற எழுத்தும். கிளை மேலாளர் பிரிட்டோ சார் இன்று காலைக் கூட்டத்தில், "தினமும் எழுதுங்க, மனசு தெளிவாகும்" என்றார். அவருக்கு வயது இருபத்தெட்டு. எனக்கு ஐம்பத்து மூன்று. பதினெட்டு வருஷம் குக்கரும் மிக்ஸியும் தவணைக்கு விற்ற சுந்தரமகாலிங்கத்துக்கு மனசு என்றைக்கும் தெளிவுதான். கால்தான் வலிக்கிறது.

மேட்டுச் சந்து அப்பளக் குழுவின் பாலிசி முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. வீட்டில் அப்பளம் தேய்க்கிற இருபத்துநாலு பெண்கள். குறைந்தது இருபத்தைந்து பேர் இருந்தால்தான் குழு என்று கம்பெனி சட்டம். அந்தப் பேட்டையில் யாரும் சேரலாம் என்பதால், பக்கத்துத் தெருக்காரனான நானே போன வருஷம் இருபத்தைந்தாவது ஆளாகப் பணம் கட்டிச் சேர்ந்துகொண்டேன். தண்டச் செலவு. இந்த வருஷம் இன்னொரு அம்மாவைப் பிடித்துப் போட்டுவிட்டு நான் கழன்றுகொள்ள வேண்டும்.

குழு புதுப்பிக்காவிட்டால் என் வேலைக்கு வேட்டு. பிரிட்டோ சார் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் வாயுத் தொல்லை. மனைவி கோமதி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். சரியாகிவிட்டது.

மார்ச் 5, புதன்

மேட்டுச் சந்துக்குப் போனேன். குழுத் தலைவி தனபாக்கியம் வீட்டு முன்னறையில் எட்டுப் பேர் பலகையும் உருளையுமாக உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உளுந்து மாவு வாசனை. நான் பாலிசியை எடுத்ததும் தனபாக்கியம் கேட்டாள்.

"எல்லாம் சரிண்ணே. வருசம் முடியப் போகுது. இன்னும் ஒருத்திக்குக்கூட விழலையே?"

"என்னம்மா விழணும்?"

"சீட்டுதான். நீங்கதான சொன்னீங்க, இதுவும் சீட்டு மாதிரிதாம்மா, எல்லாரும் போடுவோம், ஒருத்தருக்கு விழும்னு."

சொன்னேன்தான். போன வருஷம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருபத்துநாலு பேரையும் மடக்கினேன். தனபாக்கியம் அந்தச் சந்தில் பதினைந்து வருஷமாகக் குலுக்கல் சீட்டு நடத்துகிறவள். சீட்டு என்று சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும் என்று எனக்கு அன்றைக்கு ஒரு புத்தி. கம்பெனிக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

"தேவைப்படுறவங்களுக்கு விழும்னு சொன்னேம்மா. உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில படுத்தா, கூலி போகுதுல்ல, அதுக்கு நாளுக்கு இவ்வளவுன்னு கம்பெனி தரும்."

"அரசாங்க கார்டு இருக்கே" என்றது ஒரு குரல்.

"கார்டு ஆஸ்பத்திரிக்குக் குடுக்கும். நீ படுத்திருக்கிற நாளுக்கு உன் வீட்டு அடுப்பு எரிய யார் குடுப்பா?"

நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். அப்போது ஓரத்தில் இருந்த ஒச்சம்மாள் உருளையைக் கீழே வைத்தாள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இருபது கிலோ மாவை ஒரு கையால் தூக்குகிறவள்.

"அண்ணே, விழுமா விழாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஒருத்தருக்காச்சும் விழுந்து கண்ணால பாத்தா நாங்க திரும்பப் போடுறோம். இல்லாட்டி இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். இவர்களுக்கு எதிலும் ஒற்றுமை கிடையாது, இதில் மட்டும் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

இடது தோள் வலி. பை கனம். பாலிசிப் படிவங்களை இனிமேல் பாதியாகத்தான் எடுத்துப்போக வேண்டும்.

மார்ச் 8, சனி

தலையில் அடித்துக்கொள்ளலாம். தனபாக்கியம் போன் செய்தாள். நேற்று சாயங்காலம் சொம்பில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினார்களாம். இன்ஷூரன்ஸ் ஒச்சம்மாளுக்கு விழுந்துவிட்டதாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறாளாம்.

"அவளுக்கு என்னம்மா நோய்?"

"அது ஆஸ்பத்திரியில சொல்லுவாங்கண்ணே. நாம எப்படிச் சொல்ல?"

இருபத்தைந்து பெயரும் எழுதிப் போட்டோம், உங்கள் பெயரும் இருந்தது, நியாயமாகத்தான் நடத்தினோம் என்று வேறு சொன்னாள். எனக்கு விழாமல் தப்பித்தேன்.

மார்ச் 10, திங்கள்

இப்படி ஒரு நாள் எதிரிக்கும் வேண்டாம்.

தடுத்துவிடலாம் என்று காலையிலேயே போனேன். சந்து முனையில் ஆட்டோ நிற்கிறது. ஒச்சம்மாள் பட்டுச் சேலை கட்டியிருக்கிறாள். தலையணை, பாய், பிளாஸ்க், மாற்றுச் சேலை, ஒரு தூக்குச் சட்டியில் புளியோதரை. சந்தே கூடி நின்று, "நல்லபடியாப் போயி, நல்லபடியாப் படுத்துட்டு வா" என்று வழியனுப்புகிறது. ஒருத்தி திருநீறு பூசிவிட்டாள். நான் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. அவளைத் தனியாக விட்டால் அங்கே என்ன சொல்லி வைப்பாளோ என்ற பயத்தில் நானும் ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் உள்ளதுதான். டாக்டர் இளவயது.

"என்னம்மா செய்யுது?"

"நீங்கதாஞ் சொல்லணும்."

"எங்க வலி?"

"எங்க இருந்தா படுக்கச் சொல்லுவீங்க?"

நான் சுவரில் இருந்த கர்ப்பிணிப் பெண்களுக்கான அறிவிப்பை முழுவதும் படித்தேன். டாக்டர் பொறுமைசாலி. ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கடைசியில், "அம்மா, எனக்கே இவ்வளவு நல்ல பிரஷர் கிடையாது. வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஒச்சம்மாள் முகம் தொங்கிப்போயிற்று. "கொஞ்சம் நல்லாப் பாருங்க சார். சந்துல அம்புட்டுப் பேரும் வழியனுப்பி வச்சிருக்காக. வெறுங்கையோட எப்படித் திரும்புவேன்?" என்றாள். பெரிய வியாதிக்காரர்கள்கூட டாக்டரிடம் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது நர்ஸ் என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு இப்படி வேர்க்குதே, உக்காருங்க, பிரஷர் பாத்துரலாம்" என்றாள். நான் கம்பெனி ஆளம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபேன் ஓடாத இடத்தில் வேர்க்காமல் என்ன செய்யும்?

திரும்பும்போது ஆட்டோவில் ஒச்சம்மாள் அழுதுகொண்டே புளியோதரைச் சட்டியைத் திறந்தாள். ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அதுதான் வாயுவுக்கு ஆகவில்லை.

மார்ச் 12, புதன்

பிரிட்டோ சார் கேட்டார்: மேட்டுச் சந்து என்ன ஆச்சு? பேச்சுவார்த்தை நடக்கிறது என்றேன்.

மார்ச் 15, சனி

இன்று தீர்மானமாக ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டு போனேன். கம்பெனிக் குடையையும் கொண்டுபோனேன்.

"இங்க பாருங்கம்மா. குடை வாங்குறோம். வருசம் பூரா மழையே பெய்யலை. அதுக்காகக் குடை தண்டமா?"

ஒச்சம்மாள் சொன்னாள்: "குடை வீட்டுல இருக்கும்லண்ணே. அடுத்த வருசம் பிடிக்கலாம். வெயிலுக்குப் பிடிக்கலாம். நாய விரட்டலாம். உங்க பாலிசிதான் முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரியோட செத்துப்போகுதே."

எனக்குக் கோபம் வந்தது. அப்போது வானம் இருண்டது. பங்குனியில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்? "அய்யய்யோ, அப்பளம்!" என்று தனபாக்கியம் கத்தினாள். மூன்று வீட்டு மொட்டை மாடியிலும் துணி விரித்து அப்பளம் காய்கிறது. நனைந்தால் மாவு தந்த அப்பளக் கம்பெனி கூலியில் பிடித்துவிடும்.

எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. இரண்டு கையிலும் துணி முனையைப் பிடித்து அப்பளத்தை மூட்டையாகக் கட்டிக் கீழே இறக்கினேன். மறுபடி ஏறினேன். மூன்றாவது தடவை ஏறும்போது படிக்கட்டு கொஞ்சம் குளுகுளுவென்று இருந்ததால் உட்கார்ந்தேன். கம்பெனிக் குடை கீழே அறையில் மடக்கியபடியே கிடந்தது.

ஒச்சம்மாள் தலையில் மூட்டையோடு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து நின்றாள்.

"என்னண்ணே செய்யுது?"

"ஒண்ணுமில்ல, வாயு."

"கை ஏன் நெஞ்சப் பிடிச்சிருக்கு?"

"வாயு அங்கதானம்மா நிக்குது."

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மழை அவள் மேலே அடித்தது. "எங்க வீட்டுக்காரரும் வாயுன்னுதான் சொன்னாரு. பன்னீர் சோடா வாங்கியாரச் சொன்னாரு. நான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

பாவம். அவர் போய் நாலு வருஷம் ஆகிறதாம். அவர் போன வாயு வேறு, என் வாயு வேறு. எனக்கு ஓமத் தண்ணீரில் நிற்கும்.

அப்பளம் பாதி தப்பித்தது.

மார்ச் 16, ஞாயிறு

விடுமுறை. மத்தியானம் ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீடு அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாலிசியில் இருக்கே என்றாள். உடைந்த அப்பளம் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். கோமதியும் அவளும் அடுப்படியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் அப்பளம் பொரிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே பொரித்து முடித்திருந்தது. பெண்கள் விஷயம், நான் தலையிடவில்லை.

கோமதி இன்று என்னோடு சண்டை போடவில்லை. சோற்றில் நெய்யும் விடவில்லை. கேட்டதற்கு, தீர்ந்துவிட்டது என்றாள். டப்பா அலமாரியில் பாதி நிறைந்து இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

பையை வலது தோளுக்கு மாற்றினேன். இடது தோள்தான் வலிக்கிறது. பழக்கதோஷம்.

மார்ச் 20, வியாழன், காலை

தனபாக்கியம் கூப்பிட்டிருக்கிறாள். இன்று பதினோரு மணிக்குக் குழுக் கூட்டம், புதுப்பிப்பது பற்றி முடிவு சொல்லுகிறார்களாம். இருபத்தைந்து படிவமும் எடுத்துக்கொண்டேன். கோமதியும் கூட வருகிறேன் என்கிறாள். அப்பளம் வாங்க வேண்டுமாம். டப்பா நிறைய இருக்கிறதே என்றேன். அது உடைஞ்சது என்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனாலும் அன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

வியாழக்கிழமை இருபத்துநாலு பேரும் இருந்தார்கள். யாரும் அப்பளம் தேய்க்கவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். தனபாக்கியம் ஆரம்பித்தாள்.

"அண்ணே, சீட்டு ஒச்சம்மாளுக்கு விழுந்துச்சு. அவ போயி எடுக்க முடியாம வந்துட்டா. அதனால அது இன்னும் அவ பேர்லயேதான் நிக்குது. சரியா?"

"அம்மா, இது சீட்டே இல்லம்மா" என்றேன். நூறாவது தடவை.

"எங்க சீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. விழுந்தவளுக்கு அவசரம் இல்ல, வேற ஒருத்திக்கு அவசரம்னா விட்டுக்குடுக்கலாம். மைமூன் மக கல்யாணத்துக்கு நான் விட்டுக்குடுத்துருக்கேன். இன்னைக்கு ஒச்சம்மா விட்டுக்குடுக்குறா."

"யாருக்கு?"

ஒச்சம்மாள் எழுந்து நின்றாள். "இருபத்தஞ்சாவது ஆளுக்கு" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் யார் என்றே புரியவில்லை. பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. கோமதி தரையைப் பார்த்தாள்.

கத்தினேன். எனக்கு ஒன்றுமில்லை, நான் ஏஜெண்ட், நோயாளி இல்லை, ஏஜெண்டே போய்ப் படுத்தால் கம்பெனியில் என்ன நினைப்பார்கள், மேலும் இது வாயு என்று கத்தினேன். தனபாக்கியம் கேட்டு முடித்தாள். "விட்டுக்குடுத்த சீட்ட வேண்டாம்னு சொன்னா அதவிட அவமானம் கிடையாதுண்ணே. இந்தச் சந்துல யாரும் சொன்னதில்ல. நீங்க சொன்னீங்கன்னா இத்தோட கணக்க முடிச்சுக்கலாம். யாரும் புதுப்பிக்க மாட்டோம்" என்றாள்.

"போனா?"

"உங்களுக்கு விழுதா இல்லையான்னு பாப்போம். விழுந்தா இருபத்துநாலு பேரும் போடுறோம்."

ஆக, நான் முழுக்க முழுக்க வியாபாரத்துக்காகத்தான் போனேன். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அதே ஆட்டோ. அதே தலையணை, அதே பாய். புளியோதரை மட்டும் இல்லை. திருநீறு பூசிவிட்டார்கள். ஒச்சம்மாள் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழி விடாத லாரிக்காரனை எல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். அதே நர்ஸ் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள். நடந்தே வருகிறேன் என்றேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"இது வாயு சார்."

"வாயு இல்ல" என்றார்.

இரண்டு அடைப்பு. ஒன்று ரொம்ப மோசமான இடத்தில். அன்றைக்கே குழாய் விட்டு, ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் மாடிப்படி ஏறியிருந்தால் என்று டாக்டர் கோமதியிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மீதியை நானே முடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இருபத்துநாலு பேருக்கு நோயைப் பற்றி ஒரு வருஷம் பாடம் நடத்தியவன் நான்.

மார்ச் 25, செவ்வாய்

உப்பில்லாக் கஞ்சி. கோமதியிடம், உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். "பதினாறாந்தேதியே தெரியும். நான் சொல்லி எந்தக் காலத்துல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்க?" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கஞ்சி இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள்.

மார்ச் 27, வியாழன்

பிரிட்டோ சார் வந்தார். முதலில் கவலையாக வந்தார். நானும் குழுவில் உறுப்பினர், இது உண்மையான கிளைம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் கிளைக்கு இது முதல் பெரிய கிளைமாம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கான பணத்தைக் கட்டிலிலேயே வைத்துத் தந்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார். மத்தியானமே கதவு அகலத்துக்கு ஓர் அட்டைச் செக் வந்து சேர்ந்தது. அது லிஃப்டுக்குள் நுழையவில்லை. இரண்டு பேர் படிக்கட்டில் தூக்கி வந்தார்கள். எனக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்று உத்தரவு. என் செக் ஏறி வருகிறது.

அட்டைக்குப் பின்னால் மேட்டுச் சந்து மொத்தமும் நின்றது. வார்டுக்குள் இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று காவலாளி சொல்லிப் பார்த்தான். ஒச்சம்மாள் அவனைப் பார்த்தாள், அவன் டீ குடிக்கப் போய்விட்டான். அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, செக்கைத்தான் பார்த்தார்கள். தனபாக்கியம் அதில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "விழுந்துருச்சுடி!" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் பயந்து எழுந்து உட்கார்ந்தார்.

மார்ச் 31, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபத்துநாலு பேரும் கட்டிவிட்டார்கள். கோமதி இருபத்தாறாவது ஆளாகச் சேர்ந்திருக்கிறாள். நான் இருபத்தைந்தாவது இடத்தை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

ஒச்சம்மாள் கடைசியாக வந்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தை என் கையில் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். என் முறைய நான் விட்டுக்குடுத்துட்டேன். அதனால இந்த வருசம் மொதல்ல எனக்குத்தான விழணும்?"

இதற்கும் ஒரு விளக்கம் என்னிடம் இருக்கிறது. குடை, மழை, எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தப் படிக்கட்டில் மழையில் நனைந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அதுதான் நினைவில் வந்தது.

"உனக்கு விழவே கூடாதும்மா" என்றேன். "நீ வருசா வருசம் கட்டிக்கிட்டே இருக்கணும். எம்பது வயசு வரைக்கும் கட்டணும். ஒத்தப் பைசா உனக்குத் திரும்பி வரக் கூடாது. அம்புட்டும் தண்டமாப் போகணும்."

கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஒச்சம்மாள் இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "முறைய விட்டுக்குடுத்தவளுக்கு வாயில வர்ற வாழ்த்தப் பாரு!" என்றாள். "அதையும் பாத்துருவோம்ணே. போன தடவ பிரஷர் இல்லாமப் போச்சு. இந்த வருசம் எப்படியும் எடுத்துருவேன்."

பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, எங்கள் மாடிக்கு ஏறும் படியை இரண்டிரண்டாகத் தாண்டிப் போனாள். மேலே கோமதி வற்றல் காயப் போட்டிருந்தாளாம். மழை வருகிற மாதிரி இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்று குரல் மட்டும் வந்தது. நான் ரசீது எழுதினேன்.